ரேஷன் கார்டுத் தம்பி

நீலசந்திரா, பெங்களூர்
11.3.2002

தம்பி கணேசமூர்த்திக்கு வேதநாயகி எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு கேள்வி. நீ இங்கே இருந்தபோது மோட்டார் பைக் வாங்கினாயா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நர்சிங் ஹோமில் எனக்கு ஆஃப். துணி அலசிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், பெயர் சிரில் என்றான். இன்னொருவன் தடியன், வாயே திறக்கவில்லை. இது கணேசமூர்த்தி வீடுதானே, நீங்கள் அவர் அக்காதானே என்று சிரில் மரியாதையாகத்தான் கேட்டான். மஸ்கட்டில் உனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று ஈரக் கையோடு ஓடி, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் ஃபைலைத் திறந்தான். பைக் லோனாம். நவம்பரிலிருந்து மாதாமாதம் கட்ட வேண்டிய கந்து கட்டவில்லையாம். ஐந்து செக் திரும்பி வந்துவிட்டதாம்.

என்னால் நம்ப முடியவில்லை. ஐந்து வருஷம் என் வெளி ரூமில் குடியிருந்தாய். ஒரு சைக்கிள்கூட நீ வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் காட்டிய ஜெராக்ஸ் என் ரேஷன் கார்டுதான். ஊத்தங்கரையிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊரில் அட்ரஸ் இல்லை, கம்பெனியில் கேட்கிறார்கள், கேஸ் கனெக்ஷனுக்குக் கேட்கிறார்கள் என்று நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாய். சரி, பெயர்தானே, சேர்த்தால் சோறா குறையப்போகிறது என்று நான்தான் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்பதைக் கன்னடத்தில் 'தம்ம' என்று எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இப்போது என் வாசலில் நிற்கிறார்கள்.

போனில் பேசலாம் என்றால் எதிரே ஆம்ப்ரோஸ் கடைப் போன்தான். நான் ரிசீவரை எடுத்தால் சக்கரை வாங்க வந்தவர்கள் சக்கரையை மறந்துவிட்டு நிற்கிறார்கள். அதனால் கடிதம். இந்த வீட்டுக்குள் பைக் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருப்பது உனக்குத் தெரியும். விக்கியின் அப்பா ஓசூர் ரோட்டில் பைக்கோடு லாரிக்கு அடியில் போய், நான் பிள்ளையோடு தனியாக நின்ற நாளிலிருந்து அது என் சத்தியம். வேறு யாரோ உன் பெயரில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி எழுது, போதும். அதை அந்தச் சிரில் முகத்தில் வீசுகிறேன்.

இங்கே நானும் விக்கியும் நலம். அவன் கூரியர் ஆபீசில் உட்கார்ந்து ஏரியா வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான். நீ வேளைக்குச் சாப்பிடு.

வேதநாயகி


மஸ்கட்
24.3.2002

அன்புள்ள அக்காவுக்கு, கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். யாரும் ஏமாற்றவில்லை அக்கா. லோன் என் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

வண்டி என்னிடம் இல்லை. வேண்டிய ஒருவருக்காக வாங்கிக் கொடுத்தேன். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, எனக்கு இருந்தது. மாதாமாதம் என் அக்கவுண்டில் பணம் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரு வருஷம் போடவும் போட்டார். அவருக்கு ஏதோ கஷ்டம் வந்திருக்க வேண்டும். யார் என்று கேட்காதீர்கள். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். நான் தங்கியிருக்கும் கேம்ப் விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. இதை விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

இதோடு விக்கிக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். கிரிக்கெட், சினிமா என்று சும்மா எழுதியதுதான். பிரிக்காமல் அவன் கையில் கொடுங்கள். பதில் எழுதச் சொல்லுங்கள். கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தங்கள்
கணேசமூர்த்தி


நீலசந்திரா
9.4.2002

கணேசமூர்த்திக்கு,

உரிமை கிடையாது என்று எழுதியிருக்கிறாய். அதை மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். இங்கே வந்து அந்தத் தடியனிடம் சொல்லிப் பார்.

வாரத்தில் மூன்று நாள் வருகிறார்கள். கதவைத் திறக்காவிட்டால் சிரில் ஆம்ப்ரோஸ் கடைக்குப் போய் டீ குடித்துக்கொண்டே, இந்த அம்மா தம்பி வெளிநாட்டில் இருக்கிறானாமே, பணம் அனுப்புகிறானா என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விசாரிக்கிறான். தடியன் ஜன்னலில் எட்டிப் பார்த்து டிவி, மிக்ஸி, பீரோ என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் எடை போடுகிறான். போன செவ்வாய்க்கிழமை நர்சிங் ஹோமுக்கே போன் வந்தது. பிரசவ வார்டில் பெட்பானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், மேட்ரன் கூப்பிட்டு, உன் தம்பி லோன் விஷயமாம் என்கிறார். அங்கேயே பூமி பிளந்து போயிருக்கலாம்.

நேற்று பொறுக்க முடியாமல் சிரிலிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். அவன் என் தம்பியே இல்லை, குடியிருந்த பையன் என்றேன். சிரில் கோபப்படவில்லை. சிரித்தான்.

"யக்கா, கவர்மெண்டு கார்டுல தம்பின்னு எழுதிக்கீதே. தம்பி இல்லேன்னா பொய் சொல்லி கார்டு பண்ணிக்கிறீங்கோ. நான் ரேஷன் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டா உங்களுக்குத்தான் பேஜாரு. தம்பின்னே வெச்சுக்கோங்கோ. தம்பிக்கு அக்கா குடுக்கக் கூடாதா?"

புரிகிறதா? தம்பி என்றால் நான் கட்ட வேண்டும். தம்பி இல்லை என்றால் நான் கள்ள கார்டு வைத்தவள். உன் பாஸ்போர்ட்டும் இதே கார்டைக் காட்டி எடுத்ததுதான் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்னுடையது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் டெஸ்மண்ட் இறங்கி வந்தார். என் கேட்டில் குண்டர்கள் நிற்கக் கூடாது, இது நீடித்தால் ஜூன் முப்பதோடு லீஸ் முடித்துக்கொள்ளலாம் என்றார். லீஸுக்குக் கொடுத்திருக்கும் நாற்பத்தைந்தாயிரமும் விக்கியின் அப்பா உயிருக்கு வந்த பணம். அதைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் ஏழு வருஷமாக இருக்கிறோம். அந்தப் பணத்தைத் திரும்பி வாங்கிக்கொண்டு போனால் இப்போது நீலசந்திராவில் ஒரு சமையலறைகூட லீஸுக்குக் கிடைக்காது. இந்த வீடு போனால் எனக்கு ஊரே போன மாதிரி.

யார் அந்த வேண்டியவர்? அவன் விலாசத்தைக் கொடு. நானே போய் அவன் வாசலில் உட்காருகிறேன்.

விக்கிக்கு நீ வைத்த கடிதத்தைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். உன்னால் அவன் முகமும் செத்துக் கிடக்கிறது. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

வேதநாயகி


மஸ்கட்
23.4.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான்காயிரத்துக்கு டிராஃப்ட் உங்கள் பெயரில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சிரிலிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையும் ஏசி வேலைக்குப் போகிறேன், அடுத்த மாதமும் அனுப்புவேன். வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் அக்கா, டெஸ்மண்ட் சாரிடம் நான் எழுதிக் கேட்கட்டுமா?

நீங்கள் கேட்ட விலாசத்தை மட்டும் கொடுக்க முடியாது. திட்டுங்கள், பரவாயில்லை. அந்த ஆள் கெட்டவர் இல்லை. வண்டி இருந்தால்தான் வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் கேட்டார். இதற்கு மேல் எழுதினால் வாக்கு மீறினவன் ஆவேன்.

விக்கி எனக்குப் பதில் போடவில்லை. அவனைத் திட்டாதீர்கள். அவனிடம் நீங்களாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். வேலை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சும்மா கேளுங்கள்.

தங்கள்
கணேசமூர்த்தி


நீலசந்திரா
12.5.2002

கணேசமூர்த்திக்கு,

நீ அனுப்பிய நான்காயிரமும் அபராத வட்டிக்கே போய்விட்டதாம். ரசீதை இதோடு வைத்திருக்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

டெஸ்மண்ட் எழுத்தில் கொடுத்துவிட்டார். ஜூன் முப்பது. சண்டை போடவில்லை, கத்தவில்லை, கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு மாடி ஏறிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் அந்தத் தடியன் கேட்டில் நின்று, தம்பியை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டு அக்கா ஒளிந்துகொள்கிறாள் என்று தெருவே கேட்கக் கத்தினான். முதல் தடவையாக அவன் குரலைக் கேட்டேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு ரேஷன் ஆபீசுக்குப் போனேன். உன் பெயரை எடுக்க. அங்கே அனந்தபத்மநாபன் என்று ஒரு கிளார்க். காரணம் கேட்டார். பெயர் எடுக்க மூன்று காரணம்தான் இருக்கிறதாம். இறந்துபோனாரா, கல்யாணமாகிப் போனாரா, குடிபெயர்ந்து போனாரா? நம்பிக்கைத் துரோகம் என்று ஒரு கட்டம் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். முதல் காரணம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. குடிபெயர்ந்தார் என்று எழுதச் சொன்னேன். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

அந்தக் கார்டை சிரிலிடம் நீட்டினேன். இப்போது அவன் என் தம்பி இல்லை, பார்த்துக்கொள் என்றேன். அவன் ஃபைலில் இருந்த பழைய ஜெராக்ஸைத் தட்டிக் காட்டினான்.

"லோன் போட்ட தேதிக்குத் தம்பிதானே யக்கா?"

கோடு போட்டதும் வீண். எனக்கு டைஃபாய்டு வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சித் தூக்கோடு நடந்தாயே, அந்தக் கணேசமூர்த்தி யார், இவன் யார் என்று எனக்கு விளங்கவில்லை. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு உனக்குப் பெரிதாகிவிட்டது, சோறு போட்டவள் வீடு போவது பெரிதில்லை. இனி எனக்குக் கடிதம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

வேதநாயகி


மஸ்கட்
27.5.2002

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

கார்டில் பெயரை எடுத்தது சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உங்கள் கடிதத்தை ரூமில் உள்ளவர்கள் பார்க்காமல் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். கோபம் இல்லை. உங்கள் வீடு என்னால் போகிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலையில் ஊருக்கு வருவதாக இருந்த லீவை விட்டுக்கொடுக்கிறேன். லீவுச் சம்பளமும் டிக்கெட் பணமும் கையில் தருவார்கள். அது வந்தால் லோன் முழுவதையும் கட்டி முடித்துவிடலாம். ஆனால் ஜூலை கடைசிக்குத்தான் கிடைக்கும். டெஸ்மண்ட் சார் ஒரு மாதம் பொறுத்தால் போதும், கேட்டுப் பாருங்கள். அம்மா எனக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார், அது அடுத்த வருஷம் ஆகட்டும்.

இங்கே போன வாரம் எங்கள் கேம்ப் ஆள் ஒருவன், நாகர்கோவில்காரன், பைக்கில் போனவன் டிரெய்லர் மோதி இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயது. நான்தான் அவன் பெட்டியைக் கட்டி அனுப்பினேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நீங்கள் மாத்திரையை விடாதீர்கள். தனியாக வாசலில் நின்று அவர்களிடம் பேசாதீர்கள், ஆம்ப்ரோஸைத் துணைக்குக் கூப்பிடுங்கள். விக்கியை ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஓசூர் ரோடு பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என்னை மன்னிக்க வேண்டாம். வீட்டை மட்டும் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கணேசமூர்த்தி


நீலசந்திரா
18.6.2002

தம்பி கணேசமூர்த்திக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். ஹெல்மெட் என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் போகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு?

விக்கி வருகிற வரைக்கும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. வந்ததும் கடிதத்தை அவன் கையில் கொடுத்து, கடைசிப் பத்தியைச் சத்தமாகப் படி என்றேன். மாத்திரை வரைக்கும் படித்தான். ஆம்ப்ரோஸ் வரைக்கும் படித்தான். அதற்கப்புறம் கடிதத்தை மடித்துவிட்டான். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து உன் பழைய கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான், நீ ஒட்டி அனுப்பினாயே, கிரிக்கெட் சினிமா என்று, அந்தக் கடிதம். மடித்து மடித்து நடுவில் கிழிந்தே போயிருக்கிறது. தினமும் படித்திருக்கிறான், ஒரு நாளும் என்னிடம் சொல்லத் துணியவில்லை. நீ எழுதியதை இங்கே எழுதுகிறேன், மறந்திருந்தால் நீயே ஒரு தடவை பார்த்துக்கொள்.

"டேய் விக்கி, கந்து கட்டலைன்னா ஏன்டா எனக்குச் சொல்லல? பணம் போனாப் போகுது. அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணிட்டேன். அவங்க என்னைத் திருடன்னு நெனைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுடா."

நான் உன்னை அதற்குள் திருடன் என்று நினைத்தாகிவிட்டது. தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. அதை எப்படித் திரும்ப அள்ளுவது என்று தெரியவில்லை. நீ சின்னவன், உன் காலில் விழ முடியாது. விழுந்ததாக வைத்துக்கொள்.

கடிதம் பிரிக்கிற வேலை என்று அவன் சொன்னது முழுப் பொய். வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் கூரியரில் வேலை, வண்டியைச் சிவாஜிநகரில் கூட்டாளி வீட்டில் விட்டுவிட்டு இங்கே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான், ஒன்றரை வருஷமாக. அந்தக் கம்பெனி நவம்பரில் மூடிவிட்டது. நான்கு மாதம் வேலை இல்லாமல் டிபன் பாக்ஸோடு கிளம்பிப்போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறான். நான் கட்டிக் கொடுத்த சாம்பார் சாதத்தை அங்கே சாப்பிட்டிருக்கிறான். அறையலாம் என்று கையை ஓங்கினேன், முடியவில்லை.

மறுநாள் அவனோடு சிவாஜிநகர் போனேன். கறிக்கடைச் சந்தில் சாக்கு போர்த்தி நின்றது. சிவப்பு வண்டி. நன்றாகத்தான் துடைத்து வைத்திருந்தான். சிரிலை வரச் சொல்லிச் சாவியை நானே கொடுத்தேன். வண்டியை விற்று மீதி எவ்வளவு நிற்கிறதோ அதை விக்கி கட்டுவான், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். மார்ச் மாதமே புது வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம், துணிக்கடையில் மூட்டை இறக்குவது. எனக்குத் தெரியாமலே நல்லதும் நடந்திருக்கிறது. சிரில் சாவியை வாங்கிக்கொண்டு, "நாங்கோ சரியான வூட்டுக்குத்தான் வந்துக்கிறோம் யக்கா. பேருதான் தப்பு" என்றான்.

டெஸ்மண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் வேறொருவரிடம் எண்பதாயிரத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார். வீடு போய்விட்டது தம்பி. என் வாசலுக்கு பைக் வரக் கூடாது என்று சத்தியம் வைத்தேன். பைக் வராமலேயே வீடு போனது. அந்தச் சத்தியத்துக்குப் பயந்துதான் நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தால் யாரைக் குற்றம் சொல்வது என்றே தெரியவில்லை.

ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைன் ஓரம் ஒரு வீடு பிடித்திருக்கிறோம். ஒரு ரூம், ஒரு அடுப்பு மேடை. ரயில் போனால் தட்டில் ரசம் ஆடுகிறது. முப்பதாம் தேதி குடிபோகிறோம்.

அட்ரஸ் மாற்ற நேற்று ரேஷன் ஆபீசுக்குப் போனேன். புதுக் கார்டு போடுவார்களாம். மூன்று பெயர் என்றேன். அனந்தபத்மநாபன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, போன மாசம் எறக்கி விட்டே, இந்த மாசம் ஏத்துறே. இது கார்டா, பஸ்ஸா?"

சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம். பிறகு அவர் பேனாவைத் திறந்துகொண்டு உறவு என்ன என்று கேட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்குப் பதில் சொல்லும்போது பொய் சொல்கிறோமே என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இந்தத் தடவை வியர்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம். பெயர் சேர்க்க ஆள் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். குடிபெயர்ந்தவரைக் காகிதத்தில் சேர்க்க முடியாதாம். ஜூலை முழுக்க ஆபீஸ் திறந்திருக்கும், விசாரித்துவிட்டேன். லீவை விட்டுக்கொடுக்காதே. கொடுத்திருந்தால் காலைப் பிடித்தாவது திரும்ப வாங்கு. அம்மா பார்த்த பெண்ணையும் காக்க வைக்காதே.

வேதநாயகி


மஸ்கட்
2.7.2002

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறாம் தேதி சென்னை வந்து இறங்குகிறேன். ஊத்தங்கரையில் ஒரே நாள் தங்கிவிட்டு மறுநாள் காலை பெங்களூர். ஒக்கலிபுரம் வீட்டுக்கு வழி கேட்டு வந்துவிடுவேன், விக்கியை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நடந்து வரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை ரூமிலேயே உட்கார்ந்து படித்தேன். யாருடைய கடிதம் என்று கேட்டார்கள். அக்கா என்று சொன்னேன்.

கார்டுக்கு எத்தனை போட்டோ கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே? நான்கு எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா?

தங்கள் தம்பி
கணேசமூர்த்தி